சோப்பில் மிச்சமிருந்த காரம்

காலையில் குளித்த பிறகும் என் கையிலிருந்து வேப்பெண்ணெய் வாசனை போகவில்லை. நீ போன பிறகு நாங்கள் செய்த முதல் சோப்பின் வாசனை இது. கையை முகர்ந்தபடி உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

திருத்தணி சர்ச் ஹாலின் பின்பக்கம் நாங்கள் சில பெண்கள் சோப்பு செய்யத் தொடங்கியபோது, கழனி வேலையை விட்டுவிட்டு நீ கே.ஜி.கண்டிகையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தாய். வீட்டில் உனக்குத் தெலுங்கு. என்னை அண்ணி முறை வைத்து ‘வதினா’ என்பாய். உனக்குத்தான் அண்ணனே இல்லையே என்றால், “இருந்திருந்தா உங்களத்தான் கட்டி வெச்சிருப்பேன்” என்பாய். மலைக்கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீறோடு சர்ச் ஹாலுக்குள் நுழைவாய். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

முதல் நாளே அலுமினியக் குண்டானில் காஸ்டிக் சோடாக் காரத்தைக் கரைத்தாய். புஸ்ஸென்று பொங்கிப் பாத்திரம் கறுத்தது. அலுமினியத்தைக் காரம் அரித்தால் ஹைட்ரஜன் வாயு வரும், நெருப்புப் பட்டால் வெடிக்கும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுப்பை அணைக்கச் சொல்லி நான் போட்ட கூச்சலில் பாஸ்டரே ஓடி வந்துவிட்டார். அன்றிலிருந்து எவர்சில்வர்தான்.

பிறகு தேங்காய் எண்ணெய் விலை ஏறியது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் கடலை எண்ணெய் மலிவு, அதில் செய்யலாம் என்று நீ யோசனை சொன்னாய். எண்ணெய் மாறியது, காரத்தின் அளவு மாறவில்லை. கடலை எண்ணெய்க்குக் காரம் குறைவாகப் போதும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சோப்பு பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. காரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வழக்கம்போல நுனி நாக்கால் தொட்டவள் சுருக்கென்று இழுத்துக்கொண்டாய். “கடிக்குது வதினா.”

அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்றார்கள். “களை எடுக்கிறவளுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று ஒருத்தி உன் காதுபடச் சொன்னாள். இனி நீ வர வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயோ அசையாமல் உட்கார்ந்து என்னைக் கேட்டாய்.

“நாம போட்ட காரம் எங்க போச்சு வதினா?”

“எங்கயும் போவல. எண்ணெயோட சேர்ந்ததெல்லாம் சோப்பாயிடுச்சு. சேர எண்ணெய் கெடைக்காத மிச்சம் உள்ளயே குந்திகினு கடிக்குது.”

“அப்போ அதுக்கும் கொஞ்சம் எண்ணெய் ஊத்தினா?”

அவ்வளவுதான். சோப்பைத் துருவி, தண்ணீர் தெளித்துக் காய்ச்சி, எண்ணெய் ஊற்றிக் கை ஓயக் கிளறினோம். ஆறியதும் மறுபடி நாக்கை நீட்டினாய். “ஆங், இப்ப சாதுவாயிடுச்சு.” தோலை அரிக்கும் காரமும் பிசுபிசுக்கும் எண்ணெயும் சேர்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டும் சோப்பாகிவிட்டன. பொருட்கள் குறிப்பிட்ட விகிதத்தில்தான் வேதிச் சேர்க்கை அடையும் என்று மார்க்குக்காக எழுதியிருக்கிறேன். எனக்கு அது புரிந்தது அன்றைக்குத்தான்.

உன்னை மண்ணில் வைத்தபோது, பொருள் அழிவதில்லை என்ற பாடமும் நினைவுக்கு வந்தது. எரிச்சலாக இருந்தது. எனக்கு அந்தச் சமாதானம் தேவைப்படவில்லை, நீதான் தேவைப்பட்டாய். சோப்பு வேலையே வேண்டாம் என்று மாதக்கணக்கில் ஹால் பக்கம் போகாமல் இருந்தேன். மற்றவர்கள்தான் விடாமல் என்னை இழுத்து வந்தார்கள்.

நேற்று செய்த வேப்பெண்ணெய் சோப்பைத் தொட்டுப் பார்க்க யாரும் நாக்கை நீட்டவில்லை. நான் நீட்டினேன். நன்றாகவே கடித்தது. கனகம்மாசத்திரத்திலிருந்து புதிதாக வரும் பெண், அரிசி அளப்பதுபோல் காரத்தை டம்ளரால் அளந்து போட்டிருக்கிறாள். தராசு பக்கத்திலேயே இருந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள், என் வாய்தான் ஊரறிந்ததாயிற்றே. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

“பையைக் கீழ வை. எண்ணெ வாங்கிகினு வரணும், கூட வா” என்றேன்.

வாசல் வரை வந்தவள் தயங்கிக் கேட்டாள். “உங்களுக்குக் கோவம் வரலையாக்கா?”

“நெறையவே வந்துச்சு. நடந்துகினே திட்றேன், வா.”