பட்டில் தைத்த கராத்தே டிரெஸ்

செய்யாறு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் ஹேமலதா புடவைப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்துக் கணவனுக்கு எழுதினாள். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

"என்னங்க, தோசை மாவு பிரிட்ஜில இருக்குது. சட்னி நீங்களே அரைச்சிக்கங்க. நான் பெல்ட் டெஸ்டுக்குப் போறேன், கெட்டிக் காட்டன்ல தைச்ச டிரெஸ்ஸோட. அது வேர்வையை இழுத்துக்கும், காலைத் தூக்கினா கூடவே வரும். பட்டுக்காரன் பொண்டாட்டி பருத்தி போடலாமான்னு உங்க மானம் போனா போவட்டும். என் மானம் போன மாசமே போயிடுச்சு."

கடைசி வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று, தன் தறிப் பட்டிலேயே ஜரிகைக் கரை வைத்து அவளுக்குக் கராத்தே டிரெஸ் டெய்லரிடம் தைத்து வாங்கிக் கொடுத்தவன் கணவன் பாலமுருகன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டான். போட்டியில் முதல் உதைக்கே பேன்ட் முன்னிருந்து பின்வரை கிழிந்தது.

"அந்தப் போட்டோவைப் பாத்துட்டு ஒரு மாஸ்டர் இன்னிக்கு ஆர்டர் குடுக்க வராங்க. பட்டு மேல தப்பில்ல, தையல்தான் தப்புன்னு சொல்லிகினே இருக்கீங்களே, அதனால கிழிஞ்ச பட்டு டிரெஸ்ஸை நானே நல்லா தைச்சு, உங்க சைஸுக்குப் பிரிச்சுவிட்டு, அயர்ன் பண்ணி ஆணியில மாட்டியிருக்கேன். போட்டுகினு ஒரு உதை விட்டுக் காட்டுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அட்டையின் அடியில் இருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"உள்ள நல்ல டிராயரா பாத்துப் போட்டுக்கங்க. வர்ற மாஸ்டர் லேடீஸ்."