ஒரு கரண்டி மண்ணெண்ணெய்

மார்ச் 3, ஞாயிறு
இன்றும் மாடிப்படி முழுக்க வரிசை. பொரித்து மிஞ்சிய எண்ணெயை வீட்டுக்கு வீடு டப்பாவில் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுக்கிறார்கள். சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்கிறது, மிச்சம் ஏரிக்குப் போகிறது. அதனால் எங்கள் தெருச் சங்கம் அதைச் சேர்த்து சோப்புக் கம்பெனிக்கு அனுப்புகிறது. சங்கத் தலைவி அண்ணி. நல்ல காரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைக் கையில் கிடைத்தால் விடமாட்டாள். நான் அண்ணன் வீட்டில் கீழே குடியிருக்கும் தையல்காரி. வாயை மூடிக்கொண்டு பட்டன் துளைக்குக் காஜா எடுத்தேன்.

மார்ச் 7
பட்டன் வாங்கப் போனேன். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பலகாரக் கடைக்குப் பின்னால் எண்ணெய்க்காரன் இன்னொரு ஆளோடு சேர்ந்து கேன் இறக்கிக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் நம்மிடம் எடுத்துப் போகிறவனேதான். கேனில் சங்கத்து ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை, பாவி.
வாசலில் பிள்ளைகள் பொட்டலமும் கையுமாக நிற்கிறார்கள். நாம் வேண்டாம் என்று கழித்ததில் நம் பிள்ளைகளுக்கே பொரித்துக் கொடுக்கிறான். வயிறு எரிகிறது.

மார்ச் 8
அண்ணியிடம் சொன்னேன். "காலி கேனா இருக்கும். நான் நாலு பேர்கிட்ட நல்ல பேர் வாங்கினா உனக்குப் பொறுக்காதே." அண்ணன் டிவியை விட்டுத் திரும்பவில்லை.
காலி கேனைத் தூக்க எதுக்கு ரெண்டு ஆளு?

மார்ச் 10, ஞாயிறு
கூட்டத்தில் எழுந்து கேட்டேவிட்டேன். கேனுக்கு ஒரு கரண்டி மண்ணெண்ணெய் ஊற்றி அனுப்புவோம். சமையலுக்கு ஆகாது, சோப்புக்கு ஆகுமே? எதிர்வீட்டு வாத்தியார் மட்டும் தலையாட்டினார். அண்ணி மைக்கில், "வீட்டுச் சண்டையை இங்க கொண்டுவராதீங்க" என்றாள். வீட்டில் நீ, மைக்கில் நீங்க. என்ன திமிர்.

மார்ச் 13
மூன்று ஜாக்கெட் துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிப் போனார்கள். அவசரமில்லையாம். நம்பிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு
காலையில் அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து எல்லாக் கேனிலும் மண்ணெண்ணெய் ஊற்றினேன். தப்புதான். இருக்கட்டும்.
ஊற்றியபின்தான் உறைத்தது. மோந்துகூடப் பார்க்காமல் பொரித்துவிட்டால்? மதியம் வரை கடைக்கு எதிரிலேயே நின்றேன். கேன் வந்தது. கடைக்காரன் மூடியைத் திறந்தான், கத்தினான், உதைத்துத் தள்ளினான். உயிர் வந்தது.
சாயங்காலம் எண்ணெய்க்காரன் படியில் நின்று ஊரைக் கூட்டினான். "எவ பார்த்த வேலை இது? இதுல எப்படிப் பொரிக்கிறது?"
வாத்தியார் மெதுவாகக் கேட்டார்: "சோப்பை எங்கப்பா பொரிக்கிறாங்க?"
அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 18
அண்ணன் கீழே வந்தான். உட்காரவில்லை. "குடும்ப மானத்தை வாங்கிட்ட. மாசக் கடைசில காலி பண்ணிடு." சரி என்றேன். அவன் போனபின் மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். கூடப் பிறந்தவன் ஒரு வார்த்தை, ஏன்னு கேட்கக் கூடாதா?

ஏப்ரல் 2
தெருக்கோடியில் ஒற்றை அறை. மெஷினைப் போட்டால் கட்டிலுக்கு இடமில்லை. பாயில் படுக்கிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு
பலகாரக் கடையில் இப்போது பாக்கெட் எண்ணெயைக் கண்ணில் படும்படி முன்னால் அடுக்கியிருக்கிறான். எண்ணெய் எடுக்க வேறு ஆள் வருகிறான். சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது: டப்பாவுக்கு ஒரு கரண்டி மண்ணெண்ணெய் கட்டாயம், தலைவியின் புதிய திட்டம். படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது.
என் டப்பாவோடு போனேன். வரிசை படியிறங்கித் தெரு வரை. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் திறந்து மோந்தாள். "பத்தலை. இன்னும் கொஞ்சம் ஊத்திட்டு வாங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."
அறைக்குப் போய் ஊற்றிக்கொண்டு வந்து, மறுபடி வரிசையில் நின்றேன்.