மொட்டைப் பாறையின் இஞ்சி சோடா

ஜனவரி 12, ஞாயிறு

இன்று ஷாதிபூரில் போர். வரலாற்று ஆசிரியர் எவரும் அருகில் இல்லாததால் நானே எழுதி வைக்கிறேன்.

காரணம் பெண்ணுமல்ல, மண்ணுமல்ல. என் இஞ்சி சோடா. மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் கப்பல் தாமதம், கேஸ் சிலிண்டர் வரவில்லை, கடையில் மிஞ்சியது ஒரே ஒரு கிரேட். பாறை ஏறும் டெலானிபூர்க் கும்பல் ஒரு பக்கம், எங்கள் ஷாதிபூர்க் கும்பல் மறுபக்கம். டெலானிபூர்க்காரன் ஒருவன் கிரேட்டில் கை வைத்தான். என் அக்கா மகன் சுரேந்தர் அந்தக் கையை முறுக்கி, ஆளை மேசைமேல் கவிழ்த்தான். மூக்கும் உடைந்தது, மேசைக் கண்ணாடியும் உடைந்தது.

"அரே, பஸ் கரோடா, போதும். சோடாதான, அமிர்தமா?" என்று கத்தினேன்.

"அமிர்தம்னு நீதான மாமா போர்டு போட்டிருக்க," என்றான் சுரேந்தர், அந்த டெலானிபூர்க்காரன் மூக்கில் இன்னொன்று வைத்தபடியே.

உண்மைதான். போர்டை நானேதான் எழுதினேன்.

தரையில் ரத்தமும் இஞ்சியும் கலந்து ஓடியதைத் துடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வெட்கம் வரவேண்டும். வந்தது பெருமை. எந்தச் சக்கரவர்த்திக்காவது இப்படி ரத்தம் சிந்தியிருக்கிறார்களா?

ஜனவரி 19

வண்டூர் தாண்டி மொட்டைப் பாறைக்குப் போய் வந்தேன், வழக்கம்போல் முதன்மை விருந்தினராக. யாரும் அழைக்கவில்லை. உயரம் எண்பது அடி. நான் சொல்லும்போது எண்ணூறு. அடிவாரத்தில் கடல் தலையால் முட்டிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே காதில் விழாது, உச்சியிலிருந்து கத்தினால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் இந்தப் பசங்களிடம் அப்படி ஒரு வழக்கம். ஏறுகிறவர் முதுகுப் பையில் என் சோடா ஒன்று போகும். உச்சியில் இருக்கும் மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்ட பிறகே கோலியை உள்ளே தட்டவேண்டும். டப். கீழே கயிறு பிடிப்பவன் அந்தச் சத்தம் கேட்டால் கயிற்றை விட்டுவிடலாம். மேலே பாதி பாட்டில், மீதி கீழே நிற்பவனுக்கு. வேறு எந்தக் குளிர்பானத்துக்கும் இந்தப் பதவி இல்லை. மூடியைத் திருகித் திறப்பவை எல்லாம் பெருமூச்சுதான் விடும். என் சோடா அறைகிறது.

ஜனவரி 28

கப்பல் வந்தது. சிலிண்டரும் வந்தது. கூடவே அவமானமும்.

அக்கா மகள் கவிப்ரியா கடைக்கு வந்தாள். சுரேந்தரின் தங்கை, பாறையில் பல்லியின் பெரியம்மா. "மாமா, போன தடவ சத்தமே சரியில்ல. இவன் பாவம், ரொம்ப நேரம் கயிற புடிச்சிட்டே நின்னான்."

இவன் என்றால் தவ்ஹீத். அபர்டீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பாரின் மகன். அவளுக்குக் கயிறு பிடிப்பவன் எப்போதும் அவன்தான்.

"சோடாவா மாமு அது? பூன தும்முன மாதிரி இருந்துச்சு," என்றான்.

பூனை. தும்மல். மெஷினைத் திருகினேன். கேஸ் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும்வரை திருகினேன். இனி என் சோடா வெடித்தால் கல்கத்தாவில் காக்கைகள் எழும்பிப் பறக்கவேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கவி விழுந்துவிட்டாள்.

உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது.

பிப்ரவரி 3

தூக்கமில்லை. எழுதிவிட்டால் கண்ணிலிருந்து போகுமா?

நல்ல வெயில். பாறையைத் தொட்டால் தோசைக்கல். அவள் உச்சிக்கு ஓர் ஆள் உயரம் கீழே இருந்தாள். பாறைப் பிதுக்கத்துக்கு அந்தப் பக்கம், கீழே இருக்கிற எங்கள் யார் கண்ணுக்கும் தெரியாத இடம். டப் என்று கேட்டது. பீரங்கிபோல. தவ்ஹீத் கயிற்றைக் கழற்றினான். நான் – நான் என்ன செய்தேன்? எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, குனிந்து வணக்கம் போட்டேன். என் சோடாவுக்கு.

நிமிர்ந்தபோது அவள் காற்றில் இருந்தாள்.

கயிறு பாம்பாய்ப் பாய்ந்தது. தவ்ஹீத் வெறுங்கையால் அதைப் பற்றினான். தோல் கருகும் வாசனை எனக்கு வந்தது. அவன் விடவில்லை. கயிறு அவனை இழுத்து முகத்தைப் பாறையில் மோதியது, அப்போதும் விடவில்லை. அவள் கீழ்த்திட்டில் இடது பக்கமாக விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் அலையை மீறிக் கேட்டது. கேட்டதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா?

அடுத்த நொடி, அலையோரம் நின்றிருந்த சுரேந்தர் ஓடிவந்து தவ்ஹீத்மேல் பாய்ந்தான். "கயிற விட்டியாடா? என் தங்கச்சிய விட்டியாடா?" வயிற்றில், தாடையில், விழுந்த பிறகு விலாவில். சதை உரிந்திருந்த அந்தக் கைமேல் பூட்ஸ் காலை வைத்துத் திருகினான். தவ்ஹீத் அலறினான்: "சத்தம் கேட்டுச்சுடா. அல்லா சத்தியமா கேட்டுச்சு."

நான் கிரேட்டை அணைத்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 4

தொடை எலும்பு, இரண்டு விலா. முதுகிலிருந்து டாக்டர் கண்ணாடித் துண்டுகளாக எடுத்துப் போட்டார். விழுந்ததில் பாட்டில் உடைந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கவிக்கு ஒன்றும் நினைவில்லை.

"அதுக்கு முன்னாடியே சத்தமாம், அலையோரம் நின்ன எனக்கு ஒண்ணும் கேக்கல. கத விடுறான். கொன்னுடுவேன் அவன," என்று சுரேந்தர் ஆஸ்பத்திரிச் சுவரில் குத்தினான். சுவரில் காரை பெயர்ந்தது.

நானும் கேட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா ஜெயலட்சுமி, "என்னடா?" என்றாள். "டீ வேணுமா?" என்றேன். டீக்கு ஒரு படை திரட்டுபவன்போல ஓடினேன்.

பிப்ரவரி 6

அப்துல் ஜப்பார் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, சனிக்கிழமை கப்பல்ல பயல சென்னைக்கு அனுப்புறேன். உங்க மருமவன் நேத்து கம்பியோட வந்து கடைக் கண்ணாடிய நொறுக்கிட்டுப் போனான். இன்னொரு தடவ வந்தா கொல விழும். யாரு கொலன்னுதான் தெரியல, நானும் கத்திரி வச்சிருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பயலுக்குக் கை மூட மாட்டேங்குது. ஊரெல்லாம் புள்ளைய விட்டவன்ங்குது. நீங்க அங்கதான நின்னிய? சத்தம் கேட்டுச்சா, இல்லியா?"

"சோடா குடிக்கிறீங்களா பாய்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை. ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

பிப்ரவரி 7

சொன்னால் சுரேந்தர் நம்பமாட்டான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் சாக்குத் தீர்ந்தது.

முள்ளைச் சிவப்புக்கு மேலே ஏற்றி மூன்று பாட்டில் நிரப்பினேன். கவியுடையதைப் போன்ற கறுப்புப் பையில் போட்டு மாடியில் தகரத்தின்மேல் வைத்தேன். சுரேந்தரைக் கூப்பிட்டேன்.

"க்யா தமாஷா ஹை மாமா? எனக்கு வேல இருக்கு."

"உக்காருடா. என் வாழ்க்கையில மொத தடவையா தமாஷ் இல்ல."

வெயில் ஏறியது. அவன் எழப்போனான். அப்போது வெடித்தது. பை கிழிந்து, கண்ணாடி பறந்து, ஒரு சில் என் கன்னத்தில் செருகி நின்றது. தெருநாய்கள் குரைத்தன. அவன் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அன்னைக்கும் இப்படித்தான். அவ முதுகுலயே. தவ்ஹீத் பொய் சொல்லல. நானும் கேட்டேன். கேட்டுட்டு எந்திரிச்சு வணக்கம் வச்சேன்."

முதல் குத்து வாயில். முன்பல் ஒன்று தகரத்தில் உருண்டது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று நினைவில்லை. தவ்ஹீதுக்கு விழுந்ததெல்லாம் எனக்கு வரவேண்டியது என்று தோன்றியதால் கையைத் தூக்கவில்லை. பிறகு அவன் கடைக்குள் இறங்கி பாட்டில்களை உடைத்தான். கையால்தான் தொடங்கினான். கடப்பாரையை எடுத்துக் கொடுத்தவன் நான்.

பிப்ரவரி 8, சனி

ஹாடோ துறைமுகம். தவ்ஹீத் பெட்டியோடு வரிசையில் நின்றான். சுரேந்தர் போய் அந்தப் பெட்டியைப் பிடுங்கினான். தவ்ஹீதுக்கு இரண்டு கையிலும் கட்டு, அதனால் காலால் உதைத்தான். முட்டியில், அடிவயிற்றில், திரும்பவும் முட்டியில். சுரேந்தர் வாங்கிக்கொண்டே நின்றான். பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை. ஜப்பார் தடுக்கவில்லை. நானும்தான்.

கப்பல் தவ்ஹீத் இல்லாமலே போய்விட்டது. பெட்டி ஜப்பார் வீட்டில் இருக்கிறது.

ஜூன் 17

பேய் மழை. கவி ஊன்றுகோலை என்மேல் வீசினாள். குறி தப்பவில்லை, நெற்றியில் புடைப்பு. "பூன தும்மினா உனக்கு என்ன மாமா?" என்று கேட்டு அழுதாள். இதுவரை அவள் என்னோடு பேசவே இல்லை.

செப்டம்பர் 30

மெஷினுக்குப் புது முள், புது பாட்டில். சிவப்புக்கு வெகு கீழே நிறுத்தினேன். வாயில் ஊற்றினால் இஞ்சி காரம் அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் சத்தத்தைத்தான் விற்றேனா?

டிசம்பர் 14, ஞாயிறு

மொட்டைப் பாறை. கடல் இன்றும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

இந்த முறை அழைத்தார்கள். கிரேட்டோடு போனேன். இனி சோடா மேலே போகாது என்பது கவியின் சட்டம். உச்சியில் கட்டிக்கொண்டதும் கயிற்றை மூன்று தரம் இழுப்பாள். யார் கயிறு பிடிப்பது என்று நான் கேட்கவில்லை. அவளே நொண்டி நொண்டிப் போய்க் கயிற்று நுனியைத் தவ்ஹீத் கையில் வைத்தாள். அவன் உள்ளங்கை இப்போது மெழுகு உருகி உறைந்த மாதிரி இருக்கிறது, முழுவதும் மடங்காது.

பிதுக்கத்துக்கு அப்பால் அவள் மறைந்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கயிறு மூன்று தரம் இழுபட்டது. தவ்ஹீத் விடவில்லை. மறுபடி மூன்று. விடவில்லை. உச்சி விளிம்பில் அவள் முகம் தெரிந்து, கையை ஆட்டினாள். அவன் தலையை ஆட்டினான், கயிற்றை மட்டும் விடவில்லை.

சுரேந்தர் கிரேட்டிலிருந்து ஒரு சோடாவை எடுத்தான். அதன் வாயைத் துண்டால் சுற்றி, கட்டைவிரலால் கோலியை மெல்ல, மெல்ல அழுத்தினான். சத்தமே வரவில்லை. தவ்ஹீதின் பக்கத்தில் போய் நின்று, பாட்டிலை அவன் வாயில் வைத்துச் சாய்த்தான்.

அவன் குடித்தான். இரண்டு கையும் கயிற்றில்தான் இருந்தன.