நொடிக்கு ஐம்பத்திரண்டு மீட்டர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். என் நலத்துக்கு நரம்பு மருத்துவர் கையெழுத்திட்ட நான்கு பக்கச் சான்றே வந்திருக்கிறது. உன் நலத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால், வேலை சக்கையாகப் பிழிகிறது, விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடட்டுமா அப்பா என்று நீ கேட்டு ஏழு வாரம் ஆகிறது. அதற்குப் பதில் எழுதாதவன் நலமா என்று கேட்டால் கேலி செய்வதுபோல் இருக்கும்.

நான் சும்மா இருந்துவிட்டதாக நினைக்காதே. ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, வரலாம், வர வேண்டாம் என்று பிரித்து எழுதினேன். இந்தப் பக்கம் பதினான்கு காரணம், அந்தப் பக்கமும் பதினான்கு. முப்பத்து நான்கு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன், முள் அசையாமல் நிற்கும்வரை வாய் திறக்காதவன், வேறு என்ன செய்வேன்? நீயே எழுதிவிடேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "அவ கேட்டது உங்களை. நானே பதில் சொல்லிட்டா அப்புறம் நீங்க எதுக்கு?" என்றாள். அந்தக் கேள்விக்கும் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் தொலைபேசியில் உன்னிடம் மழையைப் பற்றியே பேசுவது இதனால்தான்.

இதற்கிடையில் பால் பொங்கி வழிந்தது. அடுப்புக்கு முன்னால் நின்றது நான். திருகு என் கையில். பொங்குகிறதா, பொங்குவதுபோல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டிருந்தபோது அடுப்பே அணைந்துவிட்டது. "உங்க கால்ல கல்லு விழுந்தா நாளன்னைக்குத்தான் ஆன்னு கத்துவீங்க" என்றாள் அம்மா. எனக்குப் பயம் வந்துவிட்டது. நூலகத்திலிருந்து நரம்புகளைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். ஒருவர் ஸ்கேலை நழுவவிட, மற்றவர் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும் என்று அதில் ஒரு சோதனை. அம்மா ஐந்து முறை விட்டாள். ஐந்து முறையும் தரைதான் பிடித்தது. "அடுத்த தடவை முன்கூட்டியே கடிதம் போட்டுட்டு விடறேன்" என்றாள். நான் ஐந்தையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் குறிப்பேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

திரை போட்ட ஒரு சின்ன அறை. அங்கிருந்த பெண் என் கையில் ஒயர்களை ஒட்டி, முழங்கையில் சுருக்கென்று மின்சாரம் வைத்தாள். விரல்கள் தாமாகத் துள்ளின. என் அனுமதி இல்லாமல் என் கை ஒரு காரியம் செய்து அன்றுதான் பார்த்தேன். பயம் தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தாள். "வீட்ல பிள்ளைங்க யாரும் இல்லையா சார்?" என்று கேட்டபடியே அடுத்ததை வைத்தாள். "பொண்ணு இருக்கா, வந்துடுவா, அவ ரூம் அப்படியேதான் இருக்கு" என்று என் வாய் சொல்லிவிட்டது. திரைக்கு வெளியே உன் அம்மாவின் நாற்காலி கிறீச்சிட்டது.

முடிவு: என் நரம்பில் செய்தி ஓடும் வேகம் நொடிக்கு ஐம்பத்திரண்டு மீட்டர். "நரம்பெல்லாம் பிரமாதம் சார். லேட்டு வேற எங்கயோ" என்றாள் அந்தப் பெண். நானும் கணக்குப் போட்டேன். ஸ்கேல் முழுதும் விழக் கால் நொடி. தலையிலிருந்து விரலுக்குச் செய்தி போக அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மீதி நேரமெல்லாம் அம்மா நிஜமாகவே விட்டுவிட்டாளா என்று நான் நடத்திய விசாரணைக்கே போயிருக்கிறது. புத்தகம் இன்னும் மோசம். ஒரு நரம்பணுவுக்கு ஆயிரக்கணக்கான பக்கத்து அணுக்கள் செய்தி அனுப்புமாம். சில போ என்னும், சில பொறு என்னும். எல்லாரும் ஒத்துப்போகட்டும் என்று அது காத்திருப்பதில்லை. கூட்டிக் கழித்து ஓர் அளவைத் தாண்டியதும் முழுதாகச் செய்தி அனுப்பிவிடும். தாண்டாவிட்டால் அனுப்பவே அனுப்பாது. 'பரிசீலனையில் உள்ளது' என்று பாதிச் செய்தி அனுப்ப அதற்குத் தெரியாது. சூடான பாத்திரத்தைத் தொட்டால் மூளையைக் கேட்காமல் முதுகுத்தண்டே கையை இழுத்துக்கொள்ளுமாம். என் உடம்பில் ஒழுங்காக நடக்கும் ஒரே அலுவலகம், என்னைக் கலந்துகொள்ளாத அந்த அலுவலகம்தான்.

வீடு திரும்பியதும் அம்மா நேராக உன் அறைக்குப் போனாள். அங்கே நான் அடைத்துவைத்திருந்த எடைக்கற்கள் பெட்டியைத் தரதரவென்று இழுத்தாள். எங்கே வைக்கலாம் என்று யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அது என் கட்டிலோரம் போய்விட்டது. இன்று காலை அதில்தான் கால் இடித்துக்கொண்டேன். ஆ என்றேன். "பரவாயில்லையே, அதே நாள்லயே கத்திட்டீங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. உடனே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதினான்கும் பதினான்கும் அப்படியே இருக்கின்றன. முள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

வா.

வேலையை விடுமுன் மறுபடி யோசி என்று எழுதப் போனேன். உன் அம்மா பின்னால் நின்று படிக்கிறாள், எனவே எழுதவில்லை. சான்றிதழ்களைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. நன்றாகத் தூங்கு. உடம்பும் மனமும் தேறி எந்தக் குறையும் இல்லாமல் இரு.

ஏழு வாரத் தாமதத்துடன்,
உன் அப்பா