வாய்க்காலுக்கு மேல் நிற்கும் கார்

திருக்காட்டுப்பள்ளி,
ஆனி 3, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஜாய்ஸ் அக்காவுக்கும், அவளுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் பெரிய மதருக்கும், தங்கை அருள்ஜோதி எழுதிக்கொள்வது. மரியே வாழ்க. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். ஏற்காட்டில் குளிர் எப்படி? உன் தலைமுடியை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்களா?

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பாய். செய்தேன். ஞாயிற்றுக்கிழமை இர்பான் அண்ணனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து மடத்துக்குப் பேசினேன். எடுத்த சிஸ்டர் என் பெயரைக் கேட்டதும், "பிஷப் ஹவுஸ் செக்ரட்டரி பேசுறேன்னு சொன்ன பொண்ணு நீதானம்மா?" என்றார். கிறிஸ்துமஸுக்கு உனக்குப் பத்து நாள் லீவு வாங்க நான் குரலை மாற்றிப் பேசினேனே, அது. உங்கள் மடத்தில் மன்னிப்பு உண்டு, மறதி கிடையாது போல. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை சிஸ்டர் என்றேன். "அன்னைக்கும் இதையேதான சொன்ன? எதுன்னாலும் லெட்டர் எழுதும்மா," என்று வைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.

இனி விஷயம். சர்க்கரையால் அப்பாவின் இடது கால் போனபோது தினமும் கட்டு மாற்றியவள் நீ. அடுத்த வருஷம் நீ மடத்துக்குப் போனாய். நீ போன மறுமாதம் அப்பா ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கினார். இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி, இடது காலே இல்லாத டிரைவர். பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சு என்று பின்கண்ணாடியில் சாக்பீஸால் எழுதியது நான்தான். நம் தெருப் பிள்ளைகள் நான்கு பேரை அந்தக் காரில்தான் தினமும் ஆற்றங்கரை ரோடு வழியாகப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். அந்த ரோடு உனக்குத் தெரியும். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் காவிரி, தடுப்புச் சுவர் கிடையாது.

போன வாரம் வண்டிக்கு அடியில் கொஞ்சம் ரோஸ்மில்க் எசன்ஸை ஊற்றிவைத்தேன். இந்த வண்டியின் கியர்பாக்ஸ் ஆயிலும் சிவப்பு. அப்பா பதறிப்போய் விரலால் தொட்டார், மோந்தார், நாக்கில் வைத்தார். "உங்கம்மா போடுறதவிட நல்லாருக்கு. இருடி, உனக்கு ஒருநாள் இருக்கு," என்றார். ஆனால் அதிலிருந்து ஆயில் நினைப்பு பிடித்துக்கொண்டது. வாங்கினதிலிருந்து மாற்றவே இல்லை, பழைய ஆயிலோடு மலை ஏறினால் கியர் வழுக்கும், ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும் என்றார். எந்த மலை என்று கேட்டேன். "ஏற்காடுதான், வேற எந்த மலை?" என்றார். ஆமாம் அக்கா. நீ கன்னியாஸ்திரியாகப் போன கோபத்தில் மடத்து வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவர், ஆகஸ்ட் பதினைந்தில் நீ துறவற உறுதிமொழி எடுக்கும் வார்த்தைப்பாட்டுக்கு வருவதாக இருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவையும் தானே ஓட்டி ஏறப்போகிறாராம்.

சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தோம். வீட்டில் பள்ளமா இருக்கிறது, காருக்கு அடியில் உட்கார? நம் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட பாசன வாய்க்கால் காய்ந்து கிடந்தது. இந்தக் கரையில் இரண்டு சக்கரம், அந்தக் கரையில் இரண்டு சக்கரமாகக் காரை மேலே நிறுத்தினார். தண்ணீர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. ஆயில் சூடாக இருந்தால்தான் கசடோடு இறங்கும் என்று பூண்டி வரை ஒரு நடை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பொய்க்காலைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, வாய்க்கால் தரையில் வலது காலை நீட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் ஸ்பேனரோடு நான். கியர்பாக்ஸுக்கு அடியில் தட்டு மாதிரி ஒரு மூடி, அதைச் சுற்றிப் போல்ட். ஆயிலைப் பிடிக்கப் பேசின் வைத்திருக்கும் மூலையை மட்டும் முதலில் இறக்கணும், மற்றதை லேசாகத் தளர்த்தினால் போதும் என்று இரண்டு தடவை சொன்னார். நான் அவர் பக்கத்துப் போல்ட்டைக் கழற்றிவிட்டேன்.

மூடி அப்பா பக்கம் சாய்ந்தது. கருப்பு டிக்காஷன் மாதிரி ஆயில், ஆவி பறக்க, நேராக அவர் பாதத்தில் கொட்டியது. அவர் அண்ணாந்து பார்த்தபடி, ஃபில்டர் எங்கே இருக்கும் என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, கால்ல ஊத்துதுப்பா!" என்று கத்தினேன். "எந்தக் கால்ல?" என்று கேட்டார்.

அக்கா, நான் சிரித்தேன். ரோஸ்மில்க்குக்குப் பழிவாங்குகிறார், வலிக்காத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன். கைதட்டிக்கொண்டே, "மூணு எண்ணுறதுக்குள்ள கத்துவீங்க பாருங்க," என்று எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதன் பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். தோல் சிவந்து உப்பிக்கொண்டு வந்தது. அப்பா நடிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். எத்தனை நாளாகப்பா காலில் உணர்ச்சி இல்லை என்று கேட்டேன். பொங்கலிலிருந்து என்றார். அப்படியென்றால் பிரேக் எங்கே, ஆக்சிலேட்டர் எங்கே என்று எப்படித் தெரியும் என்றேன். "முட்டிக்குத் தெரியும். எவ்வளவு மிதிச்சேன்னு இஞ்சின் சத்தம் சொல்லும்," என்றார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். பள்ளிக்கூடம் திறந்த வாரம், மதகு ஷட்டர் இருக்கும் திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து மிதித்தாராம். கால் பிரேக்குக்குப் போகவே இல்லையாம். ஆற்றுச் சரிவில் முன்சக்கரம் இறங்கிய பிறகு கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தியிருக்கிறார். பின்சீட்டில் துரைராசு சித்தப்பாவின் மகள் சுடர்விழி, யூகேஜி படிக்கிறவள், "இன்னொரு தடவை பெரியப்பா," என்றாளாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. "அம்மாட்ட சொல்லாத. அக்காவுக்கு எழுதவே எழுதாத," என்றார்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். புது ஃபில்டரையும், மூடிக்கு வைக்கும் கேஸ்கட்டையும் ஒளித்துவைத்துவிட்டேன். கடையில் தப்பான பீஸ் கொடுத்துவிட்டார்கள், திருப்பிக் கொடுத்தாச்சு, சென்னையிலிருந்து வேறு வரணும் என்று சொல்லிவிட்டேன். கேஸ்கட் இல்லாமல் மூடியை மாட்ட முடியாது, மூடி இல்லாமல் புது ஆயில் ஊற்ற முடியாது, ஆயில் இல்லாமல் கியர் விழாது. கார் வாய்க்காலுக்கு மேலேயே நிற்கிறது. பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் போகிறார்கள். ஆனால் இது ரொம்ப நாள் தாங்காது. இர்பான் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏ ஜோதி, நான் பார்ட்ஸ் விக்கிறவன், பொய் விக்கிறவன் இல்ல. வியாழக்கிழமை வரைக்கும் உங்கப்பா போன எடுக்க மாட்டேன். அதுக்கப்புறம் கேட்டா உண்மையத்தான் சொல்லுவேன்," என்றார். கல்லணை திறந்தாச்சு. வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் பஞ்சநதம் மாமா வந்து, "வெள்ளிக்கிழமை தண்ணி வந்துரும். நாலு பேர வச்சுத் தள்ளிடுவமாண்ணே?" என்று கேட்டார். "என் வண்டிய ஒருத்தனும் தள்ள வேணாம். நான் ஓட்டித்தான் எடுப்பேன்," என்று அப்பா சொல்லிவிட்டார்.

கொப்புளம் நேற்று உடைந்தது. விளிம்பு கறுத்திருக்கிறது. காலையில் கட்டு மாற்றும்போது வாடை அடித்தது. அந்த வாடை என்ன என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அப்போது பதினாலு வயது, நீ என்னை அறைக்கு வெளியே நிறுத்திவைத்தாய். ஆனாலும் கதவுக்கு இந்தப் பக்கமும் வாடை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "போனா வெட்டுவாங்க," என்கிறார்.

அம்மாவிடம் சொல்லலாம்தான். அம்மா ஆறு மணி பஸ்ஸில் தஞ்சாவூர் துணிக்கடைக்குப் போனால் திரும்ப இருட்டிவிடுகிறது. அப்பா காலுறை போட்டு மறைத்துக்கொள்கிறார். அதுவும் காரணம் இல்லை. போன தடவை காலை எடுக்கக் கையெழுத்துப் போட்டது அம்மா. அதற்காக அப்பா ஒரு மாதம் அம்மா கையால் சாப்பிடவில்லை. இன்னொரு கையெழுத்தை அம்மாவிடம் எப்படிக் கேட்பேன்? இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும். நீ வியாழக்கிழமைக்குள் பேசாவிட்டால் கேட்கத்தான் போகிறேன்.

மதர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஷப் பெயரைச் சொல்லி ஏமாற்றியது தப்பு, முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன். இது விளையாட்டு இல்லை. இர்பான் அண்ணன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, அப்பா நீ சொன்னால்தான் கேட்பார். காரை எடுக்காதீங்க, அதில் ஏறி என் வார்த்தைப்பாட்டுக்கு வராதீங்க என்று நீ சொல்ல வேண்டும். உன்னைப் பார்க்க வருவதற்காக இரண்டு வருஷக் கோபத்தை விட்டவரிடம் இதைச் சொல்வது உனக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றும் சொல். யார் எழுதியது என்று கேட்டால் என் பெயரைச் சொல், போல்ட்டைக் கழற்றியதும் நான்தான். அவர் என்னோடு ஒரு மாதம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வருஷம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

நீ இதைப் படித்ததும் நேராகக் கோயிலுக்குப் போய் முழங்காலில் நிற்பாய். வேண்டாம். முதலில் போன், அப்புறம் செபம். மாற்றிச் செய்துவிடாதே அக்கா.

உன் தங்கை,
அருள்ஜோதி.