பதினொரு வருசத்துப் பிரெஞ்சு

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றேன். குசினிக் கதவு திறந்தது. சவர்க்கார நுரை, சுடுதண்ணீர் ஆவி, பொரித்த எண்ணெய் எல்லாம் கலந்த அந்த மணம் முகத்தில் வந்து அடித்தது. பின்னால் சூட்டுத் தட்டத்தோடு சமையல்காரர் வந்தார். வழியில் நின்ற ஒருவரும் அசையவில்லை. என்னையறியாமலே “ஷோ தெவான்” என்று கத்திவிட்டேன். சூடு வருகிறது, வழிவிடு என்று அர்த்தம். அங்கே அது யாருக்கு விளங்கும்? எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லண்டனில் இருபத்தெட்டு வருசமாக பஸ் ஓட்டுகிற என் வாயில் பிரெஞ்சுக் குசினிச் சத்தம் எப்படி வந்தது? குற்றம் முழுக்க உன்னுடையது. நீ கண்ணை மூடி இரண்டாவது கோடையும் முடியப்போகிறது. யாரிடம் போய் முறையிடுவது, அதனால் உனக்கே எழுதுகிறேன்.

பிரான்ஸ் மலைக்குச் சைக்கிளில் போவோம் என்று சட்டனில் இருந்த உன் கடையில் வைத்து நீ சொன்னபோது, உனக்கு எங்கேயோ கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரே வகுப்பு, ஒரே டியூசன், நாங்கள் இருவரும் சைக்கிளில் போகாத ஒழுங்கை இல்லை என்பது சரிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏற்றம் ஏது? ஒரு மதகில் ஏறி இறங்கினால் அதுதான் எங்களுக்கு மலை. அதை நான் சொன்னதற்கு நீ சிரிக்கவில்லை.

“பதினொரு வருசம் அந்த நாட்டில இருந்தனான். குசினியையும் மெட்ரோவையும் விட்டால் வேற ஒண்டும் காணேல்லை. ஒரு மாட்டைக்கூடக் காணேல்லையடா. அந்த வருசமெல்லாம் சும்மா போச்சோ எண்டு ஒருக்கால் பாக்கவேணும்” என்றாய்.

நான் நேரே லண்டனுக்கு வந்தவன். நீ பாரிஸில் இருந்துவிட்டுப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு வந்தவன். அந்தக் காலத்தைப் பற்றி யார் கேட்டாலும் “கோப்பை கழுவினனான்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் அன்றைக்கு நீ இவ்வளவு கதைத்ததே எனக்குப் புதினமாக இருந்தது. “பாஷைக்கு நீ பயப்பிடாதை, அது என்னட்டை இருக்கு” என்றும் சொன்னாய்.

ஓவேர்ன் மலைப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில் காரை விட்டுவிட்டு உழக்கத் தொடங்கினோம். முதல் ஏற்றத்திலேயே உனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இருபத்தொரு கியர் இருந்தும் ஒன்றையும் தொடமாட்டேன் என்றாய், “கியர் எண்டது லொறிக்கு.” பத்து நிமிடத்தில் இறங்கி உருட்டினாய். நான் கியரை மாற்றிக்கொண்டு போய் மேலே நின்று உனக்குக் கை காட்டினேன். ஆனால் நீ கேட்ட மாடுகள் அங்கே தாராளமாக இருந்தன. வேலியோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாய், கூப்பிட்டாலும் அசையவில்லை.

பிறகுதான் பாஷை. பாண் கடையில் போய் நீ கேட்டதும் அந்த மனுசியின் முகம் கறுத்துவிட்டது. கெதியாகத் தா, ரெண்டு, கெதியா என்று வேலைக்காரரை விரட்டுகிற மாதிரிக் கேட்டிருக்கிறாய். அவ உனக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னா. அடுத்த இறக்கத்தில் தடி ஊன்றிக்கொண்டு முன்னால் போன கிழவரைப் பார்த்து “ஷோ தெவான்” என்று கத்தினாய். அவர் துள்ளி விலகி, சூட்டுச் சட்டி எங்கே என்று தேடிவிட்டு, தடியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குப் பின்னேரம் உனக்கு முன்னாலேயே வீட்டில் என் மனுசிக்கு போன் எடுத்து இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அடுத்த நாள் கடைகளில் நீ விரலால் காட்டித்தான் சாமான் வாங்கினாய். யாராவது எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் “லோந்ர்” என்றாய், லண்டன். ஒரு மரத்துக்குக் கீழே சைக்கிளைப் போட்டுவிட்டு இருந்தபோதுதான் சொன்னாய்: “பதினொரு வருசத்தில நான் படிச்சதெல்லாம் மற்றவன் என்னைப் பேசின பேச்சுத்தான் மச்சான். வேற ஒண்டும் இல்லை.”  மனுசிக்கு போன் எடுத்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. தண்ணீர்ப் போத்தலை உன்னிடம் நீட்டினேன், வாங்கிக் குடித்தாய்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தூறல், கடைகள் எல்லாம் பூட்டு, வயிற்றில் பசி. மூன்று மணித்தியால ஏற்றத்துக்குப் பிறகு உச்சியில் ஒரு சாப்பாட்டுக்கடை திறந்திருந்தது. உள்ளே முப்பது பேர் விருந்துக்கு இருந்தார்கள். வாசலில் நின்ற மனுசி இடமில்லை என்று தலையாட்டினா. அந்த நேரம் உள்ளே கோப்பைகள் விழுந்து நொறுங்கின. நீ அவவின் தோளுக்கு மேலால் குசினியை எட்டிப் பார்த்தாய். தொட்டி நிறைய ஊத்தைக் கோப்பை, கழுவ ஆளில்லை. என்னவோ இரண்டு சொல் சொன்னாய். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாய். கக்கூசுக்குத்தான் போகிறாய் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியடியில் நிற்கிறாய். அடுப்பில் நின்ற பெரிய மனுசர் என்னவோ கத்துகிறார், நீ திருப்பிக் கத்துகிறாய், அவர் சிரிக்கிறார். கோப்பை வருகிறது, கோப்பை போகிறது. பிறகு சூட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு “ஷோ தெவான்” என்றாய். குசினியில் நின்ற அத்தனை பேரும் திரும்பியும் பாராமல் விலகினார்கள். அங்கே உன் பிரெஞ்சில் ஒரு பிழையும் இல்லை மச்சான். அந்த வாசலில் ஈர உடுப்போடு நின்று நான் அழுதேன். இதை உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு எங்களுக்கும் மேசை போட்டார்கள். அந்தப் பெரிய மனுசர் ஏப்ரனோடு வந்து உனக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார், நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல், “ஓன்ஸ்”. பதினொன்று. திரும்பத் திரும்ப அது வந்தது. எனக்குச் சொல்லாத கதையெல்லாம் அவருக்குச் சொல்கிறாய் என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, உள்ளதைச் சொன்னால் என்ன. அவர் எழும்பிப் போகும்போது உன் முதுகில் தட்டினார். அடுத்த ஊரில் ஒரு கிழவி எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டா. “பரி” என்றாய், பாரிஸ். உச்சரிப்பு அச்சொட்டாக இருந்தது. அதற்குப் பிறகு கியரையும் தொட்டாய்.

பிறகு நாலு கோடை போனோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே நீ எனக்குச் சொல் சொல்லாகச் சொல்லித் தருவாய். அது குசினிப் பாஷை என்பதை மறந்து நானும் பிடித்துக்கொண்டேன்.

இந்த ஆனியில் மகளோடு போனேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள், என்னை வாயே திறக்கவேண்டாம் என்றாள். ஒரு மலையூர்ச் சந்தையில் அவள் பழம் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் நான் போய் சீஸ் கேட்டேன். விற்ற மனுசி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தா. பிறகு என்னவோ கேட்டா.

“அப்பா, எந்த ரெஸ்டோரண்ட்டில வேலை செய்தனீங்கள் எண்டு கேக்கிறா” என்றாள் மகள், ஓடிவந்து. “இல்லை, பஸ் டிரைவர் எண்டு நான் சொல்லட்டே?”

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பாரிஸில் எனக்குத் தெரிந்தது ஒரு ரயில் நிலையம் மட்டும்தான். ஆனாலும் அந்த மனுசியைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி, சத்தமாகச் சொன்னேன்:

“பரி. ஓன்ஸான்.”

பாரிஸில், பதினொரு வருசம்.