குடை பிடித்த கை

செவ்வாய்க்கிழமை. மழை விடவில்லை.

ஏலக்காய் ஸ்டோர் முதலாளியின் மகன் இன்று எங்கள் பிளக்ஸ் கடைக்கு ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ கொண்டுவந்தார். புதுச் சாக்குகளில் அச்சடிக்க அதைக் கோட்டுப் படமாக மாற்றித் தர வேண்டுமாம். போட்டோவில் அவருடைய அப்பா மலைத் தோட்டத்தில் நிற்கிறார். பக்கத்தில் ஓர் ஆள் அவருக்குக் குடை பிடித்திருக்கிறார். அது செத்துப்போன என் அப்பா.

"எங்க ஐயா மட்டும் போதும் தங்கச்சி. குடை பிடிக்கிறவரை எடுத்துருங்க" என்றார்.

அப்பாவைச் சுற்றி மவுஸால் கோடு போட்டு அழித்தேன். குடை மட்டும் அந்தரத்தில் நின்றது.

"குடை இருக்கட்டும், கெத்தா இருக்கு. ஐயாவே பிடிச்ச மாதிரி வச்சிருங்க. வெரசா முடிங்க, ஜீப்பு நிக்குது."

அப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தேன். கையை மட்டும் வெட்டி முதலாளியின் சட்டையோடு ஒட்டினேன். ஓரங்களைப் புள்ளி புள்ளியாக இழுத்து வழவழப்பாக்கினேன். சுண்டுவிரல் வந்ததும் நிறுத்திவிட்டேன். ஜீப் கதவில் நசுங்கி வளைந்த விரல் அது. அதை நான் நேராக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

சாப்பிடும்போது அம்மா, "இன்னைக்கு என்னடி சோலி?" என்று கேட்டாள்.

"சாக்குக்கு ஒரு படம்" என்றேன்.

அம்மா அந்த ஸ்டோரில்தான் தரம் பார்த்து ஏலக்காய் பொறுக்குகிறாள். புதுச் சாக்குக் கட்டு வந்தால் அவள்தான் பிரிப்பாள். அந்த விரலை அவளுக்குத் தெரியும்.